மஞ்சள் நல்லது... மஞ்சள் மாத்திரை? செல்லுக்குள் இருக்கும் ஒரு 'சூப்பர்வைசர்' கதை!

போன மாதம் லீவுக்கு ராசிபுரம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபிரிட்ஜ் மேல் அம்மாவின் சுகர் மாத்திரை டப்பா எப்போதும் இருக்கும். இந்த முறை அதன் பக்கத்தில் புதிதாக ஒரு பாட்டில். உள்ளே பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் கேப்ஸ்யூல்கள்.

"என்னம்மா இது?"

"மஞ்சள் மாத்திரை கண்ணு. குரூப்புல வீடியோ வந்துச்சு. சுகர், மூட்டுவலி எல்லாத்துக்கும் நல்லதாம். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"டாக்டர்கிட்ட கேட்டியா?"

"மஞ்சளுக்குப் போய் யாராவது டாக்டரைக் கேப்பாங்களா? நம்ம காட்டுல விளையறது. அது என்ன பண்ணிரப் போகுது?"

சரிதானே என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் அடுத்ததாக அம்மா சொன்னதுதான் தூக்கிவாரிப்போட்டது. "இதைப் போட ஆரம்பிச்சதுல இருந்து ராத்திரி சுகர் மாத்திரையை நிறுத்திட்டேன்."

பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்தேன். ஒரு கேப்ஸ்யூலில் 500 மில்லிகிராம் குர்குமின். கூடவே மிளகுச் சத்து. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'உடலின் என்.ஆர்.எஃப்-2 புரதத்தைத் தூண்டுகிறது.'

அது என்ன என்.ஆர்.எஃப்-2? அதைத் தூண்டினால் என்ன ஆகும்? சென்னைக்குத் திரும்பியதும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். படித்ததை அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன்.

மஞ்சள் மணக்கும் மண்!

எங்கள் ஊர்ப்பக்கம் மஞ்சளைக் குறை சொன்னால் யாரும் சும்மா விடமாட்டார்கள். நாமகிரிப்பேட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் ஞாபகம் வரும். எங்களுக்கு மஞ்சள் ஏலமும் சேர்ந்தே ஞாபகம் வரும். விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து மூட்டைகள் அடுக்கியிருப்பார்கள். ராசிபுரம், சேந்தமங்கலம், ஆத்தூர், தம்மம்பட்டி என்று சுற்றுவட்டார விவசாயிகள் எல்லாம் இங்கே கொண்டுவருவார்கள். சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வியாபாரிகள் வந்து எடுப்பார்கள்.

வைகாசி, ஆனியில் நட்டால் தை பிறந்தபின் வெட்டு. கிட்டத்தட்ட ஒன்பது மாசப் பயிர். வெட்டின கிழங்கை வேகவைத்து, களத்தில் காயவைத்து, பாலீஷ் போட்டால்தான் விற்பனைக்கு ஆகும்.

அந்தக் கிழங்கின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பொருள்தான் குர்குமின். ஐரோப்பிய வேதியியலாளர்கள் 1815-ல் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். அதன் வேதி அமைப்பு தெரியவந்தது 1910-ல்தான். மஞ்சள்தூளில் குர்குமின் ரொம்பக் குறைவு. ரகத்தைப் பொறுத்து ஏறி இறங்கும் என்றாலும், சுமாராக 100 கிராமுக்கு 3 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோழிப்பண்ணையில் ஒரு சூப்பர்வைசர்!

இப்போது அந்த என்.ஆர்.எஃப்-2. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் ஆயிரக்கணக்கான ஜீன்கள் இருக்கின்றன. எல்லாம் எப்போதும் வேலை செய்யாது. எந்த ஜீன் எப்போது வேலை செய்யவேண்டும் என்று உத்தரவு போடுவதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் என்.ஆர்.எஃப்-2.

இதை 1994-ல் கண்டுபிடித்தது அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் யுயெட் வாய் கான் என்பவரின் குழு. அவர்கள் தேடியது வேறு. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஜீனை எது இயக்குகிறது என்று தேடும்போது இது கிடைத்தது. இதன் உண்மையான வேலை, நச்சை முறிக்கும் ஜீன்களை இயக்குவது என்று 1997-ல் காட்டியது ஜப்பானின் மசாயுகி யமமோட்டோ குழு. இதைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் கீப்-1 என்ற இன்னொரு புரதத்தையும் 1999-ல் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

புரியவில்லையா? நாமக்கல் கோழிப்பண்ணை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

பண்ணை என்பது செல். என்.ஆர்.எஃப்-2 அங்கே சூப்பர்வைசர். கீப்-1 கேட்டில் நிற்கும் வாட்ச்மேன். சாதாரண நாளில் சூப்பர்வைசருக்கு உள்ளே வேலை இல்லை. அவர் வந்ததுமே வாட்ச்மேன் கையைப் பிடித்து நிறுத்தி, அப்படியே வெளியே அனுப்பிவிடுவார். செல்லும் விடாமல் புதுப்புது சூப்பர்வைசர்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் தாக்குப்பிடிப்பது சுமார் 20 நிமிடம்தான். அதற்குள் அந்தப் புரதத்தை செல் உடைத்து அழித்துவிடும்.

சித்திரை வெயில் ஏறி ஷெட் தகிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சூட்டில் வாட்ச்மேனின் பிடி தளர்ந்துவிடுகிறது. சூப்பர்வைசர் தப்பித்து நேராக ஆபீஸ் ரூமுக்குள், அதாவது செல்லின் உட்கருவுக்குள் போகிறார். அங்கே இருக்கும் டி.என்.ஏ. என்ற ரிஜிஸ்டரைத் திறந்து உத்தரவு போடுகிறார். ஃபேனைப் போடு, ஃபாகரில் தண்ணி அடி, மருந்தைக் கல! இருநூறுக்கும் மேற்பட்ட ஜீன்கள் இவர் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. நச்சை முறிக்கும் நொதிகளும், குளுட்டாதயோன் என்ற காவல் பொருளும் கூடுதலாகத் தயாராகின்றன. தன்னைப் போலவே இன்னும் நாலு சூப்பர்வைசர்களை அனுப்பச் சொல்லியும் இவர் உத்தரவு போடுவார்!

மஞ்சள் எப்படி உள்ளே வந்தது?

2003-ல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீரக செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்து, அதில் குர்குமினைச் சேர்த்துப் பார்த்தார்கள். என்.ஆர்.எஃப்-2 விழித்துக்கொண்டது. ஹீம் ஆக்சிஜனேஸ்-1 என்ற பாதுகாப்பு நொதியின் ஜீன் வேகம் பிடித்தது. ஏற்கெனவே 1992-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலே குழு, ப்ரோக்கோலியில் இருக்கும் சல்ஃபரஃபேன் என்ற பொருள் பாதுகாப்பு நொதிகளைக் கூட்டுவதைக் கண்டுபிடித்திருந்தது. அதுவும் இதே வழிதான் என்று பின்னால் தெரிந்தது.

இங்கேதான் அந்த வாட்ஸ்அப் வீடியோ சொல்லாத விஷயம் இருக்கிறது. குர்குமின் செல்லுக்குள் போய்க் குளிர்ச்சி தருவதில்லை. லேசாகச் சீண்டுகிறது! வாட்ச்மேன் மேல் ஒட்டிக்கொண்டு அவர் பிடியைத் தளர்த்துகிறது. 'ஏதோ ஆபத்து' என்று நினைத்துத்தான் செல் தன் பாதுகாப்பைக் கூட்டுகிறது. ப்ரோக்கோலிப் பொருளும் செய்வது இதைத்தான்.

சீண்டல் அளவோடு இருந்தால் நல்லது. அளவு மீறினால்? அதனால்தான் இந்த விஷயத்தில் 'எவ்வளவு' என்ற கேள்வி முக்கியமாகிறது.

கொல்லிமலை மிளகின் வேலை

தட்டில் வளரும் செல் வேறு, நம் உடம்பு வேறு. சாப்பிட்ட குர்குமினில் பெரும்பகுதி குடலைத் தாண்டுவதே இல்லை. தாண்டுவதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்களுக்கு 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அது கிட்டத்தட்ட தென்படவே இல்லை. கூடவே 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்ததும் ரத்தத்தில் சேரும் அளவு 2,000 சதவிகிதம் கூடியது.

பைப்பரின் என்பது மிளகின் காரம்தான். எங்கள் சமவெளியில் மஞ்சள் விளைகிறது, அண்ணாந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலையில் மிளகு விளைகிறது. தொண்டை கட்டினால் பாலில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த எங்கள் அமுச்சிக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது.

ஆனால் பைப்பரின் இதை எப்படிச் செய்கிறது தெரியுமா? வெளிப்பொருளை மாற்றி அனுப்பும் கல்லீரல், குடல் நொதிகளின் கையைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடுகிறது. அப்போது குர்குமின் மட்டும் தங்காது, நாம் சாப்பிடும் வேறு சில மாத்திரைகளும் ரத்தத்தில் கூடுதலாகத் தங்கலாம். ரசத்தில் போடும் மிளகுக்கு இந்தப் பயம் வேண்டாம். செறிவூட்டிய மிளகுச் சத்தை தினமும் இரண்டு வேளை எடுப்பவர் யோசிக்கவேண்டும்.

சூப்பர்வைசர் எப்போதும் உள்ளே இருந்தால்?

'பாதுகாப்பைக் கூட்டும் புரதம்தானே, எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே?' என்று எனக்கும் தோன்றியது. மருந்து கம்பெனிகளுக்கும் தோன்றியது.

என்.ஆர்.எஃப்-2-ஐ பலமாகத் தூண்டும் பார்டாக்ஸலோன் என்ற மருந்தை, சர்க்கரை நோயோடு சிறுநீரகமும் மோசமாகப் பழுதான 2,185 பேரிடம் சோதித்தார்கள். சிறுநீரக அளவீடுகள் முன்னேறிய மாதிரி தெரிந்தது. ஆனால் மருந்து எடுத்தவர்களில் இதயச் செயலிழப்பு கூடுதலாக வந்ததால் 2012 அக்டோபரில் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

புற்றுநோயில் இன்னொரு சிக்கல். சில நுரையீரல் புற்றுக்கட்டிகளில் கீப்-1 ஜீனே பழுதாகி இருக்கும். வாட்ச்மேன் இல்லாததால் என்.ஆர்.எஃப்-2 நிரந்தரமாக உள்ளேயே இருந்து, நம்மைக் காப்பாற்ற வேண்டிய பாதுகாப்பைப் புற்று செல்லுக்குக் கொடுக்கும். கொடுக்கும் மருந்தையே அது முறித்துவிடும். பண்ணையில் ஃபாகரை ராத்திரி பகலாக ஓடவிட்டால் எரு நனைந்து ஈ மொய்ப்பது மாதிரிதான்.

ஜெயித்த மருந்துகளும் உண்டு. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டைமெத்தில் ஃபியூமரேட், இந்த வழியில் வேலை செய்வதாகக் கருதப்படுகிறது. ஃப்ரீட்ரிக் அட்டாக்ஸியா என்ற அரிய பரம்பரை நரம்பு நோய்க்கு 2023 பிப்ரவரியில் அனுமதி பெற்ற ஒமாவெலாக்ஸலோனும் என்.ஆர்.எஃப்-2-ஐத் தூண்டுவதுதான். ஆனால் அதை ஆரம்பிக்கும் முன்பும், முதல் மூன்று மாதம் மாதாமாதமும் கல்லீரல் பரிசோதனை செய்யவேண்டும் என்பது விதி.

அதே புரதத்தைத் தூண்டுவதாகச் சொல்லிக்கொண்டு, எந்தப் பரிசோதனையும் இல்லாமல் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருந்தது அந்த பாட்டில்!

மாத்திரை நோயைத் தீர்க்குமா?

2017-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக விஞ்ஞானியின் தலைமையில் ஒரு குழு குர்குமின் ஆய்வுகளை அலசியது. 120-க்கும் மேற்பட்ட மருத்துவ சோதனைகள் நடந்திருந்தும், யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய சோதனை எதிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். குர்குமின் தானாகவே ஒளிரும், கண்ட புரதத்தோடும் ஒட்டும். அதனால் ஆய்வகச் சோதனைகளில் வேலை செய்கிற மாதிரி பொய்யான முடிவைக் காட்டிவிடும்.

மூட்டுவலியில் சில சிறிய ஆய்வுகள் ஓரளவு நிவாரணம் இருப்பதாகச் சொல்கின்றன. அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்ப்பது நியாயம். ஆனால், சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைப் போடலாம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

கல்லீரல் விஷயம் இன்னும் கவலை தருவது. மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்பு ஒன்று, மஞ்சள் மாத்திரை, சப்ளிமென்ட் எடுத்ததால் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022-ல் அறிக்கை வெளியிட்டது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேரவேண்டி வந்தது. ஒருவர் இறந்துவிட்டார். 10 பேரில் ஏழு பேருக்கு ஹெச்.எல்.ஏ-பி 35:01 என்ற குறிப்பிட்ட ஜீன் வகை இருந்தது. அதாவது எல்லோருக்கும் இது வராது. ஆனால் யாருக்கு வரும் என்று பாட்டில் வாங்கும்போது தெரியாது. இத்தாலியிலும் 2019-ல் இதுபோன்ற பாதிப்புகள் வரிசையாக வந்து அரசு எச்சரிக்கை விட்டது.

குழம்புக் கணக்கு

அப்படியென்றால் குழம்பில் போடும் மஞ்சள்? தாராளமாகப் போடுங்கள்! கணக்கைப் பாருங்கள்.

ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் சுமார் 3 கிராம். அதில் குர்குமின் சுமார் 90 மில்லிகிராம். நாலு பேர் இருக்கும் வீட்டில் நாள் முழுக்க ஒரு டீஸ்பூன் செலவானால் ஆளுக்கு 22 மில்லிகிராம் வரும்.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு சொல்லும் வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினமும் 3 மில்லிகிராம் வரை. 60 கிலோ எடை உள்ளவருக்கு 180 மில்லிகிராம். குழம்பு இதற்கு ரொம்பக் கீழே இருக்கிறது.

அம்மாவின் மாத்திரை? வேளைக்கு 500 என்று நாளுக்கு 1,000 மில்லிகிராம். வரம்பைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். மஞ்சள்தூளில் சொன்னால் தினமும் 11 டீஸ்பூன்! எந்த அமுச்சியும் இப்படிச் சமைத்ததில்லை.

1995-ல் மஞ்சளால் காயத்தை ஆற்றுவதற்கு அமெரிக்கா ஒரு காப்புரிமை கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? இது எங்கள் பாட்டி வைத்தியம் என்று நம் சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களின் ஆதாரத்தோடு வழக்காடி, 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. அந்தப் பெருமை நமக்கு எப்போதும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டிகள் பயன்படுத்தியது தூளும் கிழங்கும். 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலுக்கு அந்தப் பாரம்பரியத்தை இரவல் கொடுக்க முடியாது.

யாரெல்லாம் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது?

* ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள், ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள். ரத்தக்கசிவு கூட வாய்ப்பு உண்டு.

* பித்தப்பையில் கல் இருப்பவர்கள். குர்குமின் பித்தப்பையைச் சுருங்க வைக்கும்.

* கல்லீரல் பிரச்னை இருப்பவர்கள்.

* சுகர், வலிப்பு, இதய நோய்க்குத் தினமும் மாத்திரை எடுப்பவர்கள். பாட்டிலில் மிளகுச் சத்து இருந்தால் இன்னும் கவனம்.

* கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள்.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவருக்கு கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறத்தில் போவது, பசியின்மை, விடாத அரிப்பு இதில் எது வந்தாலும், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். என்ன எடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். நிறுத்தியதும் பெரும்பாலானவர்கள் குணமாகிவிடுகிறார்கள்.

அம்மா என்ன சொன்னார்?

இத்தனையையும் போனில் அம்மாவிடம் சொன்னேன். கோழிப்பண்ணைக் கதை வரைக்கும் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், 11 டீஸ்பூன் என்றதும் "அடக் கடவுளே" என்றார்.

அடுத்த வாரம் அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். கல்லீரல் பரிசோதனை சரியாக இருந்தது. மூன்று மாத சர்க்கரை அளவு மட்டும் போன தடவையைவிட ஏறியிருந்தது. ராத்திரி மாத்திரையை நிறுத்தியதன் பலன். டாக்டர் திட்டவில்லையாம். 'மஞ்சளைக் குழம்புல போடுங்க, மாத்திரையை நான் தர்றதைப் போடுங்க' என்றாராம். இப்போது அந்த மாத்திரையை விடாமல் போடுகிறார்.

"ஒரு பாட்டில் காசு வீணாப்போச்சு கண்ணு" என்பதுதான் அம்மாவின் ஒரே வருத்தம்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல், அலமாரிக்குள் ஒருமுறை பாருங்கள். அம்மா, அப்பா, மாமனார், மாமியார் யாராவது இப்படி ஒரு பாட்டில் வைத்திருந்தால் சண்டை போடாதீர்கள். என்ன மாத்திரையை நிறுத்தினார்கள் என்று மட்டும் முதலில் கேளுங்கள்.